குளித்த பின் மூன்று நிமிடம்

"இயற்கையானதுதானே, போட்டுப் பாருங்கள். பலித்தால் நல்லது, பலிக்காவிட்டால் நட்டமொன்றுமில்லை." இங்கே மலேசியாவில் செந்தூலோ பட்டர்வொர்த்தோ, பிள்ளைக்கு முழங்கை மடிப்பில் தோல் தடித்து அரிக்கிறது என்று வாய் திறந்தால் போதும், அடுத்த நிமிடம் இந்தப் பேச்சு வந்துவிடும். கூடவே பட்டியலும் வரும்: வேப்பிலையை அரைத்துப் பூசு, மஞ்சளைக் குழைத்துப் போடு, குப்பைமேனிச் சாறு, எலுமிச்சை, கற்றாழை, ஆப்பிள் சைடர் வினிகர், ஞாயிற்றுக்கிழமை கடலில் குளிப்பாட்டு. சொல்கிறவர்கள் அன்பால்தான் சொல்கிறார்கள். ஆனாலும் "நட்டமொன்றுமில்லை" என்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை. இப்படித் தடித்து அரிப்பதுதான் எக்சிமா. எக்சிமா வந்த தோல் பூட்டுப் போடாத தோல். அதன்மேல் வைப்பதெல்லாம் உள்ளே போகும். வீட்டு வைத்தியம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. லேசான எக்சிமாவுக்கு முதல் வைத்தியமே வீட்டில்தான் நடக்கவேண்டும். ஆனால் அது மிக்ஸியில் அரைபடுகிற வைத்தியமில்லை. குளியலறையில், துண்டை எடுத்த கையோடு, தாராளமாகச் செய்யவேண்டிய வேலை.

லேசானது என்று எதைச் சொல்கிறேன் என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம், கழுத்து, மணிக்கட்டு, கைக்குழந்தையானால் கன்னம் என்று சில இடங்களில் மட்டும் தோல் வறண்டு, சொரசொரத்து, அரிக்கிறது. அரிப்பால் தூக்கம் கெடவில்லை. நீர் வடியவில்லை, பொருக்குத் தட்டவில்லை. இந்த அளவில் இருப்பதைத்தான் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். நம் நிறத்தில் இதைக் கண்டுபிடிப்பதிலேயே ஒரு சிக்கல் உண்டு. மருத்துவப் படங்களில் எக்சிமா சிவப்பாக இருக்கும். மாநிறத்திலும் கறுத்த தோலிலும் அது சாம்பலாகவோ கரும்பழுப்பாகவோ ஊதா கலந்த கறுப்பாகவோ தெரியும். பல பிள்ளைகளுக்கு மயிர்க்கால்களைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொரிகளாகக் கிளம்பும். கண்ணால் சிவப்பைத் தேடிக்கொண்டிருக்காமல் விரலால் தடவிப் பாருங்கள், அந்தச் சொரசொரப்பு உடனே தட்டுப்படும். ஆறிய பிறகு அந்த இடம் கறுத்தோ வெளுத்தோ சில மாதங்களுக்கு நிற்கும். அது தழும்பில்லை, மெல்ல மறையும். அதற்காக வெள்ளையாக்கும் கிரீமைத் தேடிப் போகவேண்டாம்.

தோலின் மேலடுக்கில், செல்களுக்கு இடையில் கொழுப்பு நிறைந்திருக்கிறது. செராமைடு அதில் முக்கியமானது. அந்த அடுக்கை இறுக்கிப் பிடித்து ஈரத்தைத் தக்கவைக்க பிலாக்ரின் என்ற புரதம் உதவுகிறது. எக்சிமா உள்ள பலருக்குப் பிறவியிலேயே இது குறைவு. அதனால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுகிறது; சோப்பு, வியர்வை உப்பு, தூசி, கிருமி எல்லாம் உள்ளே போகின்றன. உடம்பு அவற்றை எதிர்த்துச் சண்டை போடும்போது தோல் அழன்று அரிக்கிறது. சொறிந்தால் அடுக்கு இன்னும் கிழிகிறது. நல்ல தோல் கொஞ்சம் அமிலத்தன்மையோடு, பிஎச் 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரணக் கட்டிச் சோப்பு 9, 10 வரை போகும். ஒவ்வொரு முறை சோப்பு போடும்போதும் அந்த அமிலத்தன்மை குலைகிறது. அப்போது தோல் செல்களைப் பிணைத்திருக்கும் கட்டுகளை அறுக்கும் நொதிகள் வேகம் பிடிக்கின்றன, எக்சிமாத் தோலில் கூடாரம் போடும் ஸ்டபைலோகாக்கஸ் கிருமிக்கும் அந்தச் சூழல் தோதாகிவிடுகிறது.

குளிப்பாட்டலாமா, கூடாதா

எக்சிமா வந்தால் தண்ணீர் படக்கூடாது என்று சில வீடுகளில் பிள்ளையை நாள்கணக்கில் துடைத்து மட்டும் விடுகிறார்கள். இந்த ஊர் வெயிலில் அது கொடுமை. வியர்வையும் தூசியும் தோலிலேயே காய்ந்து அரிப்பைக் கூட்டும். குளிக்கவேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு முறை குளிப்பதும் சரிதான். ஐந்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடவேண்டும், தண்ணீர் சூடாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். கொண்டோ எனும் அடுக்குமாடி வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் ஹீட்டரைப் பாதிக்கு மேல் திருப்பிவிட்டு நின்றால் அரிப்புக்கு அந்த நேரம் சொர்க்கம் மாதிரி இருக்கும். அரைமணி கழித்து இரண்டு மடங்காகத் திரும்பி வரும். சூட்டில் கொழுப்படுக்கு கழுவிக்கொண்டு போய்விடுகிறது, இரத்த ஓட்டமும் கூடுகிறது. இங்கே குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் குளிரடிப்பதில்லை, அதுவே போதும். அதிகாலையில் கைக்குழந்தைக்கு வேண்டுமானால் வெதுவெதுப்பாக, முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்கட்டும்.

சோப்பு தேவைப்படும் இடம் அக்குள், தொடையிடுக்கு, பாதம் இவ்வளவுதான். மற்ற இடங்களுக்கு வாசனை சேராத, நுரை பொங்காத கழுவும் திரவம் பார்மசியில் கிடைக்கும். வாளித் தண்ணீரில் ஒரு மூடி கிருமிநாசினி ஊற்றுகிற பழக்கத்தை நிறுத்துங்கள். தரை துடைக்கவும் காயம் கழுவவும் செய்தது அது. திறந்த தோலை எரிக்கும். பீர்க்கங்காய் நார், குளியல் கல், பயத்தம் மாவு, நலங்கு மாவு இவையும் தேய்ப்பதாலேயே கெடுக்கின்றன. தீபாவளி எண்ணெய்க் குளியலை விடமுடியாது என்றால் நல்லெண்ணெயைப் புண்ணில்லாத தோலில் மட்டும் தடவுங்கள். சீயக்காயைத் தலையோடு நிறுத்திக்கொண்டு, அது வழிந்து கழுத்து மடிப்பில் தங்காமல் அலசிவிடுங்கள். கொண்டோ நீச்சல் குளத்தில் இறங்கும் பிள்ளைக்கு, இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னதாகவே ஈரம் காக்கும் கிரீம் (மாய்ஸ்சரைசர்) பூசிவிடவேண்டும். ஏறியவுடன் நல்ல தண்ணீரில் குளோரின் போக அலசி, மறுபடி பூசவேண்டும்.

இனிதான் பல வீடுகளில் சறுக்குகிறது. தண்ணீரை விட்டு வெளியே வந்தவுடன் தோல் ஊறி, நிறைந்திருக்கிறது. அப்படியே விட்டால் மேலிருக்கும் ஈரம் ஆவியாகிப் போகும்போது தோல் முன்னைவிட வறண்டுவிடும். அதனால்தான் மூன்று நிமிடத்துக்குள் பூசச் சொல்கிறார்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். சொட்டுகிற தண்ணீர் போனால் போதும், தோல் லேசாக ஈரமாகவே இருக்கட்டும். அந்த ஈரத்தின்மேல் கிரீமைப் பூசிப் பூட்டிவிடவேண்டும். கிரீம் டப்பா படுக்கையறை அலமாரியில் இருந்தால் இது நடக்காது. பிள்ளை துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடும், பள்ளி வேன் ஹாரன் அடிக்கும், யூனிபார்ம் ஏறிவிடும், கிரீம் ராத்திரிக்குத் தள்ளிப்போகும். டப்பா குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் ஆணியில் ஒரு பையில் தொங்கட்டும். நம் வீடுகளில் குளித்த பிள்ளையின் முகத்திலும் கழுத்திலும் வெள்ளையாகப் பவுடர் கொட்டும் வழக்கத்தையும் எக்சிமா உள்ள இடத்தில் கைவிடவேண்டும். பவுடர் ஈரத்தை உறிஞ்சிவிடும், மடிப்பில் உருண்டு உரசும். மென்தால், கற்பூரம் கலந்த குளிர் பவுடரும் தைலமும் இன்னும் மோசம். கற்பூரம் சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பு வரவழைக்கக்கூடியது. வேர்க்குருவுக்கு வாங்கி வைத்த காலமைன் லோஷனும் தோலை உலர்த்தும். வறண்ட எக்சிமாவுக்கு அது தோதில்லை.

எவ்வளவு பூசுவது

"கிரீம் போட்டோம், கேட்கவில்லை" என்பவர்களிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: டப்பா எத்தனை நாளில் தீர்ந்தது? பெரியவர் ஒருவரின் இரண்டு கைகளுக்கு மட்டும், தோளிலிருந்து மணிக்கட்டு வரை, காலையும் மாலையும் பூசினால் வாரத்துக்கு 100 முதல் 200 கிராம் ஆகும். உடம்பு முழுக்க வறண்ட பிள்ளைக்கு வாரத்துக்கு 250 கிராமிலிருந்து 500 கிராம் வரை. அப்படியென்றால் 50 கிராம் குழாயை வாங்கி மூன்று மாதம் வைத்திருக்கும் வீட்டில் எதுவும் பூசப்படவில்லை என்றே பொருள். விலையுயர்ந்த சின்ன டியூபைச் சிக்கனமாகத் தடவுவதைவிட, மலிவான பெரிய டப்பாவை அள்ளிப் பூசுவது மேல். வெறும் வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியே எத்தனையோ வாசனைக் கிரீம்களை விட நல்லது. லாவெண்டர், சிட்ரஸ் என்று எழுதியிருக்கும் "இயற்கை நறுமணம்" தோலைப் பொறுத்தவரை நறுமணம்தான். அதுவும் உறுத்தும்.

பூசும் விதம் இப்படி. கையை விட்டு அள்ளினால் டப்பாவுக்குள் கிருமி போகும், சுத்தமான கரண்டியால் எடுங்கள். பொட்டுப் பொட்டாக வைத்து, முடி வளரும் திசையில் மேலிருந்து கீழாக நீவுங்கள். சுற்றிச் சுற்றித் தேய்த்தால் மயிர்க்கால்கள் அடைத்துச் சிறுகட்டிகள் கிளம்பும், உரசலால் அரிப்பும் எழும்பும். தோல் பளபளவென்று தெரியவேண்டும், பத்து நிமிடத்தில் முழுதாக உறிஞ்சிவிட்டால் போதவில்லை என்று அர்த்தம். களிம்பு ஈரத்தை நன்றாகப் பிடிக்கும், ஆனால் பகல் வெயிலில் வியர்வையை அடைத்துப் புழுங்க வைக்கும். அதனால் பகலில் கிரீம், இரவில் ஏர்கோன் அறையில் களிம்பு என்று பிரித்துக்கொள்வது இங்கே பொருந்தும். அக்குவஸ் கிரீம் பற்றி ஒரு வார்த்தை. அதில் சோடியம் லாரில் சல்பேட் இருப்பதால் பூசி விட்டுவிட்டால் சில பிள்ளைகளுக்குச் சுரீரென்று எரியும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் இதை எச்சரித்தது. அதைச் சோப்புக்குப் பதிலாகத் தேய்த்து அலசிவிடலாம், தோலில் தங்கவிடவேண்டாம். இன்னொன்று, நம் வீடுகளுக்கு மிக முக்கியமானது: கிரீமும் களிம்பும் ஊறிய துணி தீப்பிடித்தால் சட்டென்று பரவும். துவைத்தாலும் முழுதாகப் போவதில்லை. குத்துவிளக்குப் பக்கத்தில் உட்காரும் பாட்டிக்கும், மத்தாப்பு பிடிக்கும் பிள்ளைக்கும் அன்றைக்குப் புதுத்துணி, கிரீம் படாத துணி.

டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு கிரீமுக்குக் கணக்கு வேறு. பெரியவரின் ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கோடு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்குப் போதும். அழன்ற இடத்தில் மட்டும், சொன்ன நாள்வரை போடவேண்டும். ஈரக்கிரீமுக்கும் அதற்கும் இடையே கால்மணி, அரைமணி இடைவெளி விடுங்கள். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டே பயந்து, தொட்டும் தொடாமலும் தடவுகிறவர்கள் பிள்ளையை வாரக்கணக்கில் அரிப்பில் விடுகிறார்கள். மென்மையான ஹைட்ரோகார்ட்டிசோன் 1%, சில நாள், சரியான அளவு: இதற்குப் பயப்படத் தேவையில்லை. பெயர் தெரியாத கிரீமுக்குத்தான் பயப்படவேண்டும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சமையலறையிலிருந்து தோலுக்கு

மஞ்சளோ பாலோ கடலை மாவோ "சாப்பிடுகிற பொருள்தானே" என்று பூசப்படுகிறது. இந்த நியாயம்தான் அடியோடு தலைகீழாகிப் போனது. லண்டனில் ஒவ்வாமை மருத்துவராக இருக்கும் கிடியோன் லாக் 2008-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: உணவு முதன்முதலில் வாய் வழியாக உடம்புக்குள் போனால் உடம்பு அதை ஏற்றுக்கொள்ளப் பழகுகிறது, அதே உணவு உடைந்த தோல் வழியாக முதலில் நுழைந்தால் உடம்பு அதை எதிரியாகக் குறித்து வைத்துக்கொள்கிறது. அவர் குழு நடத்திய லீப் ஆய்வு 2015-இல் வெளிவந்தது. கடுமையான எக்சிமாவோ முட்டை ஒவ்வாமையோ உள்ள கைக்குழந்தைகளுக்குச் சிறுவயதிலேயே நிலக்கடலையை உண்ணக் கொடுத்தபோது, தவிர்த்த குழந்தைகளைவிட அவர்களுக்கு நிலக்கடலை ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது. ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த முகச்சோப்பைப் பயன்படுத்திய ஏராளமானோருக்கு, அதற்கு முன் தாராளமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ரொட்டியும் நூடல்ஸும் ஒத்துக்கொள்ளாமல் போயின. இதை அறிந்த பிறகு, வெடித்துக் கிடக்கும் குழந்தைக் கன்னத்தில் பாலாடையும் கடலை மாவும் குழைத்துப் போடுவதை எப்படி "நட்டமில்லை" என்று விட்டுவிடுவது? அரிப்பு இரண்டு நாளில் அடங்கிவிடலாம். ஒவ்வாமை வந்தால் அது பிள்ளையோடு வருடக்கணக்கில் இருக்கும். சாப்பிடுகிற பொருள் என்பதாலேயே உடைந்த தோலில் வைக்கத் தயங்கவேண்டும்.

பட்டியலில் மற்றவை? வினிகரும் எலுமிச்சையும் தோலின் அமிலத்தன்மையை மீட்கும் என்பது கேட்க நியாயமாக இருக்கும். நீர்த்த ஆப்பிள் சைடர் வினிகரில் கையை ஊறவைத்துச் செய்த அமெரிக்க ஆய்வு 2019-இல் வந்தது. தோல் தடுப்பு தேறவில்லை, பெரும்பாலோருக்கு எரிச்சல்தான் மிச்சம். மஞ்சளுக்கும் வேப்பிலைக்கும் ஒவ்வாமை கொள்கிற தோல் உண்டு. வேப்பிலை போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரால் புண்ணில்லாத உடம்பை ஊற்றிக் கழுவுவதில் பெரிய கெடுதல் நேர்வது அரிது. அரைத்த விழுதைக் கட்டுப்போடுவதும் வேப்பெண்ணெயை நேரடியாகத் தடவுவதும் வேறு விஷயம். உள்ளுக்குக் கொடுப்பதோ கொடிய விஷயம். வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகளுக்கு ரேய் நோய் போல மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டதை, 1981-இல் 'லான்செட்' இதழில் மலேசிய மருத்துவர்கள்தான் எழுதினார்கள். அந்தக் குழந்தைகள் நம் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். மருதாணி அரைத்துப் பூசும் வழக்கமும் உண்டு. இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு மருதாணி இரத்த அணுக்களை உடைக்கக்கூடும். இந்நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு அந்தச் சோதனையைப் பிறந்தவுடனே செய்துவிடுகிறார்கள். முடிவு என்ன என்பதைக் குழந்தையின் உடல்நலப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டி வைத்தியத்தில் தேறி நிற்பது தேங்காயெண்ணெய். சுத்தமான தேங்காயெண்ணெய், அதாவது கன்னித் தேங்காயெண்ணெய் என்று விற்பது, எக்சிமா பிள்ளைகளிடம் கனிம எண்ணெயோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டு மேலாக வந்திருக்கிறது. அதிலுள்ள லாரிக் அமிலத்துக்குக் கிருமியை அடக்கும் தன்மையும் உண்டு. இங்குள்ள வெப்பத்தில் அது எப்போதும் உருகியே இருக்கும், மெல்லியதாகப் பரவும். ஒரு தேக்கரண்டி எண்ணெயை இரண்டு உள்ளங்கையிலும் பரப்பிக்கொண்டு, குளித்த ஈரத்தின்மேல் நீவலாம். தோல் ரொம்ப வறண்டிருந்தால் அது மட்டும் போதாது, மேலே கிரீமோ களிம்போ வேண்டும். பலகாரம் பொரித்த எண்ணெயும், மூலிகை போட்டுக் காய்ச்சிய தலையெண்ணெயும் இதற்கு உதவாது. ஆலிவ் எண்ணெயைத் தவிர்த்துவிடுங்கள்: அதிலுள்ள ஒலியிக் அமிலம் நல்ல தோலின் தடுப்பையே குலைக்கிறது என்று 2013-இல் இங்கிலாந்து ஆய்வு காட்டியது. கடுகெண்ணெய்க்கும் அதே பேச்சு. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், கடலையெண்ணெய் இவற்றில் புரதத் துளி மிஞ்சியிருக்கும் என்பதால், கைக்குழந்தையின் வெடித்த தோலில் வேண்டாம்.

ஓட்ஸ் அரிப்பைத் தணிக்கும். அமெரிக்காவின் எஃப்டிஏ 2003-இலேயே அதைத் தோல் காப்புப் பொருளாக ஏற்றது. சர்க்கரையோ சுவையோ சேராத வெறும் ஓட்ஸை மிக்ஸியில் மாவாகும்வரை அரையுங்கள். ஒரு மேசைக்கரண்டியை ஒரு கிளாஸ் தண்ணீரில் கலக்கினால் தண்ணீர் பால்போல் வெளுத்து, அடியில் படியாமல் நிற்கவேண்டும். படிந்தால் இன்னும் அரையுங்கள். குளியல் தொட்டி நம்மில் பெரும்பாலோர் வீட்டில் இல்லை, குழந்தையின் பிளாஸ்டிக் பேசினே போதும். அதற்குக் கால் கப்பிலிருந்து மூன்றில் ஒரு கப் மாவு. ஓடும் தண்ணீரில் தூவிக் கையால் கலக்கி, பத்து நிமிடம் ஊற்றிக்கொண்டே இருங்கள். பிறகு லேசாக அலசி, ஒற்றி, கிரீம். பெரியவர்களானால் மாவை மெல்லிய வேட்டித் துணியில் முடிந்து வாளியில் ஊறவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிக்கொள்ளலாம். தரை வழுக்கும், வயதானவர்கள் கவனம். மேலே சொன்ன எச்சரிக்கை ஓட்ஸுக்கும் பொருந்தும்: தோல் வெடித்துக் கிடக்கும் கைக்குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் செய்யவேண்டாம். எண்ணெயோ ஓட்ஸோ கிரீமோ எது புதிதானாலும், முன்கையின் உட்புறம் நாணய அகலத்தில் காலையும் மாலையும் ஒரு வாரம் பூசிப் பார்த்துவிட்டு உடம்புக்குக் கொண்டுபோங்கள்.

பத்தியத்தைப் பற்றியும் சொல்லிவிடவேண்டும். கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காய், கருவாடு, இறால், முட்டை, கோழி என ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் பிள்ளை சோறும் ரசமும் சாப்பிட்டு மெலிந்து நிற்கிறது. லேசான எக்சிமாவில் உணவு காரணமாக இருப்பது குறைவு. சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி வந்தால் அது ஒவ்வாமை. அதை டாக்டர் சோதிக்கவேண்டும். மூன்று நாள் கழித்து அரித்ததற்கு முந்தாநாள் இறாலைக் குற்றம் சாட்டவேண்டாம். காரணமில்லாமல் நிறுத்திவைத்த உணவை மீண்டும் தொடங்கும்போது புதிதாக ஒவ்வாமை கிளம்புவதும் உண்டு.

வெயிலும் வியர்வையும்

குளிர்நாட்டு அறிவுரைகளில் பாதி வறண்ட குளிர்காற்றைப் பற்றியது. நமக்கு வியர்வைதான் முதல் தொல்லை. வெளியே வெந்து, ரயிலிலும் அலுவலகத்திலும் குளிர்ந்து, மறுபடி வெந்து வருகிற தோல் ஒரே நாளில் ஊறியும் காய்ந்தும் களைக்கிறது. வியர்த்தால் தண்ணீரால் கழுவி ஒற்றி, மறுபடி மெல்லியதாகக் கிரீம் பூசுங்கள். பள்ளிப் பையில் சின்ன டப்பா ஒன்று இருக்கட்டும். பாலியெஸ்டர் யூனிபார்முக்குள் பருத்தி பனியன் போடலாம். ஏர்கோனை 24, 25-இல் வைத்து, காற்று நேராகப் படுக்கையில் விழாமல் திருப்பிவிடுங்கள். ஜெரெபு எனும் புகைமூட்ட நாள்களில் சன்னலைச் சாத்தி, வெளியே போய்வந்தவுடன் குளித்துவிடுவது நல்லது. குழந்தையைத் தலைக்குக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டுவதையும் கொஞ்ச காலம் ஒத்திவைக்கலாம். இன்னொரு இடத்தைப் பலரும் பார்ப்பதில்லை: குழந்தையின் அரைஞாண் கயிறு. ஈரத்தோடு காய்ந்து காய்ந்து, அதனடியில் இடுப்பைச் சுற்றி ஒரு வளையமாகத் தோல் கறுத்துத் தடித்திருக்கும். கழற்றமுடியாது என்றால் குளித்தபின் கயிற்றையும் ஒற்றி உலர்த்தி, தினம் இடம் மாற்றிவிடுங்கள். கவரிங் நகையின் நிக்கலும் கழுத்திலும் காதிலும் இதே வேலையைச் செய்யும்.

வீட்டில் சமைப்பவரின் கையையும் கவனிக்கவேண்டும். பாத்திரம் கழுவும் திரவம், வெங்காயம், மிளகாய், இறால் உரிப்பது, ஓயாத ஈரம். வலக்கைக்காரர் ஒருவருக்கு இடக்கைக் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் நுனிகள் மட்டும் வெடித்துக்கொண்டே இருந்தால் பூண்டைச் சந்தேகியுங்கள்: நறுக்கும்போது பல்லைப் பிடித்துக்கொள்வது அந்த மூன்று விரல்தான். ரப்பர் உறைக்குள் பருத்தி உறை போட்டு, இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் போட்டிருக்காமல் வேலையைப் பிரித்துக்கொள்ளவேண்டும். கை கழுவும் ஒவ்வொரு முறையும் கிரீம் பூசவேண்டும்.

அரிப்பு உச்சத்துக்குப் போகும் ராத்திரியில், தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஐந்து, பத்து நிமிடம் வைத்து எடுத்துவிட்டு உடனே கிரீம் பூசுங்கள். ஐஸ் கட்டியை நேராக வைக்கவேண்டாம். கிரீம் டப்பாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தால் அதன் குளிர்ச்சியே பாதி ஆறுதல். நகத்தை ஒட்ட வெட்டி, முனையை அரம் வைத்துத் தேய்த்துவிடுங்கள். "சொறியாதே" என்று அதட்டுவதால் எந்தப் பிள்ளையும் நிறுத்தியதில்லை. அந்த இடத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கப் பழக்கலாம்.

வீட்டை விட்டுக் கிளம்பவேண்டிய நேரம்

இரண்டு வாரம் ஒழுங்காகப் பூசியும் தேறவில்லை என்றால் அது எக்சிமாதானா என்றே கேட்கவேண்டும். வளையமாக ஓரம் தடித்து நடு வெளுத்துப் பரவினால் படர்தாமரையாக இருக்கலாம், அதில் ஸ்டீராய்டு பட்டால் உருமாறி இன்னும் பரவும். ராத்திரியில் மட்டும் அரிப்பு கூடி, விரலிடுக்கில் பொரியாகி, வீட்டில் இன்னொருவரும் சொறிய ஆரம்பித்தால் ஸ்கேபிஸ் எனும் சொறிப்பூச்சி. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை விடுமுறைக்கு வரும்போது இதைக் கொண்டுவருவதுண்டு. தேன் நிறப் பொருக்கு, நீர் வடிதல், வலி, காய்ச்சல் வந்தால் கிருமி புகுந்துவிட்டது, அன்றைக்கே காட்டவேண்டும். ஒரே அளவில் குழி விழுந்த சின்னக் கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பி, பிள்ளை சோர்ந்து காய்ச்சலும் அடித்தால், உதட்டுப் புண் வரவழைக்கும் அதே ஹெர்பிஸ் கிருமி எக்சிமாத் தோலில் பரவுகிறது. நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், ராத்திரி ஆனாலும் போங்கள். உதட்டில் புண் உள்ள யாரும் எக்சிமாக் குழந்தையை முத்தமிடக்கூடாது.

பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையிலும் கைப்பேசியிலும் விற்கும் "மூலிகைக் கிரீம்" மூன்றே நாளில் தோலைப் பளிங்காக்கினால் சந்தோஷப்படாதீர்கள். தேங்காயும் வேப்பிலையும் அந்த வேகத்தில் வேலை செய்வதில்லை. இப்படிப் பட்ட பொருள்களில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற வீரிய ஸ்டீராய்டுகளும் பாதரசமும் இருந்ததை நம் நாட்டு மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்பிஆர்ஏ திரும்பத் திரும்பக் கண்டறிந்து அறிவித்திருக்கிறது. நிறுத்தியவுடன் எக்சிமா சீறிக்கொண்டு திரும்பும், முகத்தில் தோல் மெலிந்து நரம்போடும். பதிவான மருந்துக்கு 'எம்ஏஎல்' (MAL) என்று தொடங்கும் எண் இருக்கும், பாரம்பரிய மருந்தானால் அந்த எண் 'டி' (T) எழுத்தில் முடியும். அழகுப் பொருளுக்கு 'என்ஓடி' (NOT) எண். அந்த எண்ணை என்பிஆர்ஏ தளத்தில் தட்டிப் பார்த்துவிடலாம். எண்ணே இல்லாத டப்பாவை வாங்காதீர்கள்.

அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். போகும்போது இதுவரை பூசிய அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்: தைலம், எண்ணெய், சோப்பு, அத்தை கொடுத்த பெயரில்லாத டப்பா, எல்லாம். எதை எத்தனை நாள் பூசினீர்கள், எப்போது நிறுத்தினீர்கள், நிறுத்தியபின் என்ன ஆயிற்று என்று ஒரு தாளில் குறித்திருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். அழற்சி கூடின நாளில் எடுத்த கைப்பேசிப் படத்தையும், பகல் வெளிச்சத்தில் எடுத்ததாகப் பார்த்து, காட்டுங்கள். காத்திருந்து உள்ளே போகும் அன்றைக்குத்தான் தோல் நன்றாக இருந்து தொலைக்கும்.